சந்தைக்குச் செல்லும் வழி

 

தாங்கள் மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விருதுநகரை அடைந்துவிடலாம். இருமருங்கிலும் கரிசல் மண். ஆங்காங்கே சீமைக் கருவேலங்காடு. மற்றபடி வானம் பார்த்த பூமி. ஊருக்குள் நுழைந்ததும் மிளகாய் வற்றலின் நெடியும் எண்ணெயின் மணமும் வரவேற்கும். பருப்பு, எண்ணெய், மல்லி, மிளகாய் என மூட்டைகள் நிறைந்த கடைவீதி. எதுவும் விளையாத ஊர், ஆனால் எல்லாவற்றுக்கும் விலை சொல்லும் ஊர் என்று இவ்வூர் வணிகர்கள் பெருமையுடன் கூறுவதுண்டு.

விருதுபட்டி என்பதே இவ்வூரின் பழைய பெயர். 1923ஆம் ஆண்டில்தான் விருதுநகர் ஆயிற்று. ஒரு காலத்தில் கோயில் வாசல்கள் அடைக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தார், இங்கே தமக்குள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக் கொண்டனர். வணிகத்தில் கைமாறும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கென எடுத்து வைத்தனர். அதற்கு மகமை என்று பெயர். வீட்டில் உலை வைக்கும் தாய்மார்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். அது பிடியரிசி. இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்த பொருளால் 1889ஆம் ஆண்டில் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளி எழுந்தது. 1903இல் இவ்வூரில் பிறந்த காமராசர் பயின்றது அப்பள்ளியில்தான். பின்னாளில் முதலமைச்சராகி, 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியவர் அவர்.

மகமைப் பணத்தை அரிசியாக்கிப் பகிர்ந்து உண்டிருந்தால் அது ஓராண்டில் தீர்ந்திருக்கும். பள்ளியாக்கியதால் நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. நமது பைத்துல்மாலைப் பற்றிச் சிந்திப்போர் இவ்வூரில் அறிந்துகொள்ள வேண்டிய முதற்பாடம் இது. இரண்டாவது பாடத்தைக் கற்க, ஊரைவிட்டுச் சில கல் தொலைவு வெளியே செல்லவேண்டும்.

குல்லூர்சந்தை

விருதுநகரிலிருந்து சிறிது தூரத்தில் குல்லூர்சந்தை இருக்கிறது. கௌசிகா ஆற்றின் நீரைத் தேக்கும் அணை ஒன்று அங்குண்டு. இலங்கைத் தமிழர் முகாமும் உண்டு. இம்மாவட்டத்தில் ஆனைக்குட்டம், செவலூர், கண்டியாபுரம், மொட்டமலை ஆகிய இடங்களிலும் இத்தகைய முகாம்கள் உள்ளன. கடலே இல்லாத இம்மாவட்டத்தில், கடல் கடந்து வந்த மக்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்ந்து வருகின்றனர் என்பதைப் பேருந்தில் செல்வோரில் பலர் அறியார்.

1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்களுக்கெதிராக நடைபெற்ற வன்செயல்களையடுத்து முதல் அலையாக மக்கள் இராமேசுவரம் கரைக்கு வந்தனர். 1987க்குள் 1,30,000-க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது அடுத்த அலை. 1996இலும் 2006இலும் மேலும் இரு அலைகள். தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, மாவட்டந்தோறும் பிரித்து அனுப்பப்பட்டனர். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அளித்த கணக்கின்படி, 1983 முதல் வந்தோர் 3,04,269 பேர். அவர்களுள் 108 முகாம்களில் வசித்தோர் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்து முகாம்களுக்கு வெளியே வசித்தோர் 34,087 பேர்.

சட்டத்தின் பார்வையில் இவர்கள் யார்? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கில்லை. ஆகவே புகலிடம் என்பது உரிமையாக அன்றி, அரசின் சலுகையாகவே இருந்து வருகிறது. சலுகை தருபவரின் மனம் மாறினால் சலுகையும் மாறும். 1991 மே மாதத்தில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டபின் அதுவே நிகழ்ந்தது. ஒரு கூட்டத்தார் செய்த கொடுஞ்செயலின் நிழல் அத்தனை குடிசைகளின் மீதும் விழுந்தது. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் இடையூறு நேர்ந்தது. 1992 முதல் 1995 வரை 50,000-க்கும் மேற்பட்டோர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் மனம் ஒப்பித்தான் செல்கிறார்களா என்ற ஐயம் எழுந்ததால், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் அமர்ந்து விசாரிக்க நேர்ந்தது. அதே காலத்தில் தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் பணிபுரிவதையும் அரசு தடை செய்தது.

உள்ளிருந்தே எழுந்த கைகள்

கதவு சாத்தப்பட்டால் தொண்டு என்ன செய்யும்? இம்முகாம்களின் வரலாறு இதற்கு அருமையான விடை தருகிறது.

ஈழத் தமிழர்களின் தலைவர் தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகத்தின் புதல்வர் சந்திரகாசன், 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஓஃபர் என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் சிறப்பு யாதெனில், உதவி செய்வோரும் அகதிகளே, உதவி பெறுவோரும் அகதிகளே. வெளியாரின் வருகை தடைபட்டாலும், முகாமில் வாழும் இளம்பெண் தன் வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொல்வதை எவர் தடுக்க இயலும்? அவ்வாறு முகாம்வாசிகளையே ஆசிரியர்களாகவும் நலப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தனர். குழந்தைகளின் சத்துக் குறைவைப் போக்கச் சுருள்பாசி வழங்கினர். பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி, உரிய ஆவணங்களைப் பெற்றுத் தந்தனர். அகதியின் குழந்தைக்கு அந்தக் காகிதம் உணவைப் போன்றே இன்றியமையாதது. அது இல்லையெனில் அக்குழந்தை எந்த நாட்டின் ஏட்டிலும் இல்லை.

1980இல் இயேசு சபைத் துறவியர் உலகளவில் தொடங்கிய அகதிகள் பணி அமைப்பும் 1990 முதல் தமிழக முகாம்களுக்கு உதவி வருகிறது. மாலைநேர வகுப்புகளும் கல்லூரிக் கட்டண உதவியும் அதன் முக்கியப் பணிகள். கிறிஸ்தவத் துறவியர் நடத்தும் மாலை வகுப்பில் சைவப் பிள்ளைகளும் அமர்ந்து கணக்குப் போடுகின்றனர். இதனை எண்ணும்போது, நாம் எங்கே இருக்கிறோம் என்ற கேள்வி என்னைச் சுட்டது.

உரிய அனுமதியின்றி வெளியார் முகாமுக்குள் செல்ல இயலாது. ஆகவே சாலையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். மன்னார்ப் பகுதியிலிருந்து 1990இல் வந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். என் தொப்பியைக் கண்டதும், "எங்கட ஊரிலயும் பள்ளிவாசல் இருந்தது ஐயா" என்றார். உதவி ஏதேனும் வேண்டுமா என வினவினேன். அவர் தலையசைத்தார்.

"அரிசியும் காசும் அரசாங்கம் தருகுது ஐயா. குறை சொல்லக் கூடாது. என்ர பேரன் இஞ்சதான் பிறந்தவன். டிகிரி முடிச்சவன். வேலைக்குப் போற இடத்தில நீ எந்த நாடு எண்டு கேக்கினம். அவன் என்னத்தச் சொல்லுறது? இப்ப பெயின்ட் அடிக்கப் போறான். சோறு கேக்கேல்ல ஐயா, ஒரு வழிதான் கேக்கிறம்."

வழி என்ற அச்சொல் என்னை விட்டு அகலவில்லை.

பட்டாசு நிலத்தில்

அங்கிருந்து சிவகாசி சென்றேன். வழியில் திருத்தங்கல். ஒருபுறம் அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம். ஊர் நெருங்க நெருங்க, பொட்டல் வெளியில் ஒன்றுக்கொன்று எட்டாத இடைவெளியில் சிறுசிறு அறைகள் தென்படும். அவையே பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் தீப்பற்றினால் மற்றோர் அறைக்குப் பரவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஓர் அறையில் இத்தனை பேர்தான் அமரலாம், இவ்வளவு மருந்துதான் இருக்கலாம் என்பது விதி. விதி மீறப்பட்ட இடங்களில் என்ன நேரும் என்பதற்கு 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த பெருவிபத்தை இப்பகுதியினர் இன்றும் நடுக்கத்துடன் நினைவுகூர்கின்றனர். அன்று முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின.

இத்தொழில் இங்கே தோன்றிய வரலாறும் ஒரு பயணத்தின் வரலாறுதான். விவசாயம் பொய்த்த இப்பூமியிலிருந்து 1922ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தா சென்றனர். தீப்பெட்டி செய்யும் கலையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், பட்டாசின் மேலட்டையிலிருந்து அச்சுத்தொழிலும் கிளைத்தன. குட்டி ஜப்பான் என்று இன்று அழைக்கப்படும் நகரம், அயலூர் சென்ற இருவருக்குத் தொழில் கற்பிக்கும் வாய்ப்பு அங்கே மறுக்கப்படாததால் உருவான நகரம். அயலானுக்குத் திறக்கும் ஒரு வாசல் எத்தனை குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்யும் என்பதற்கு இவ்வூரைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் இப்பகுதியின் முகாம்வாசிகளுக்கு அவ்வாசல் ஒருக்களித்தே நிற்கிறது. அவர்கள் உழைக்கலாம், உடைமை சேர்ப்பது எளிதன்று. படிக்கலாம், அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. தொலைவூரில் நல்ல கூலி கிடைத்தாலும், முகாமில் கணக்கெடுக்கும் நாளில் வந்து நிற்கவேண்டும். ஆகவேதான் தமிழகமெங்கும் முகாம் இளைஞர்களில் பலர், பட்டம் பெற்றோர் உட்பட, வண்ணம் பூசும் தொழிலையும் கட்டட வேலையையும் நாடுகின்றனர். அன்றாடக் கூலிக்கு அத்தாட்சி தேவையில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நன்றி மறத்தலாகும். 2021 ஆகஸ்டு மாதத்தில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட திட்டத்தை அறிவித்து, பழுதடைந்த 7,469 வீடுகளைக் கட்டித்தர முன்வந்தது. குடும்பத் தலைவருக்கான மாதாந்திரப் பணக்கொடையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. அகதிகள் முகாம் என்ற பெயரையும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பத்தடிக்குப் பத்தடி வீட்டில் ஒரு குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடந்த நிலை பல இடங்களில் மாறியது. எனினும் குடியுரிமை வழங்குவது மாநிலத்தின் கையில் இல்லை.

1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் ஆவார். அதன் அடிப்படையில், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி, 2022இல் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அத்தேதிக்குப் பின் பிறந்தவருக்கு மண் மட்டும் போதாது, பெற்றோரின் குடியுரிமையும் வேண்டும். 2025இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையொன்று, 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அச்சம் நீங்கியது, ஆயினும் குடியுரிமை கிட்டவில்லை.

ஒரு கேள்வியும் பதிலும்

வாசகர்களுள் சிலரின் நெஞ்சில் இப்போது ஒரு கேள்வி எழுந்திருக்கும். அதனை மறைத்துச் செல்வது முறையன்று. 1990 ஆகஸ்டு 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனரே! அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார் உள்ளிட்ட வடபுலத்திலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டியடித்தனரே! யாழ் நகர முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்தானே! நாம் ஏன் இம்முகாம்களைப் பற்றிக் கவலை கொள்ளவேண்டும்?

அந்த வேதனை உண்மையானது. அதனை மறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் குல்லூர்சந்தையில் என்னுடன் தேநீர் அருந்திய முதியவர் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர், துப்பாக்கிக்கு அஞ்சி ஓடிவந்தவர். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் எட்டாம் வசனத்தின் கருத்து. அன்று விரட்டப்பட்ட வடபுல முஸ்லிம்களை ஏற்றவர்கள் புத்தளத்து மக்கள். அவர்களும் வசதி படைத்தோர் அல்லர். தம் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் தோட்டங்களையும் திறந்துவிட்டனர். அந்த அன்சாரித்தனத்தின் அருமையை அறிந்த நாம், மற்றவருக்கு அதனை மறுக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. 2019இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. முஸ்லிம்கள் அப்பட்டியலில் இல்லை. இலங்கை அந்நாடுகளில் இல்லை. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் 2012 முதல் தங்கியிருக்கும் சில ரோஹிங்யா முஸ்லிம் குடும்பங்களும், குல்லூர்சந்தையின் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் ஒரே சட்டத்தால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். கேளம்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு இரங்கும் நெஞ்சு குல்லூர்சந்தைப் பிள்ளைகளுக்கு இரங்காமல் போனால், அந்த இரக்கம் நீதியின்பாற்பட்டதன்று, இனப்பற்றே ஆகும். 2025 மே மாதத்தில், அகதிகள் அனைவரையும் ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அன்று என்ற கருத்து உச்ச நீதிமன்றத்தில் ஒலித்தது. நாட்டின் எல்லையைக் காப்பது அரசின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சத்திரத்தில் தங்குபவன் ஓரிரவில் புறப்பட்டுவிடுவான். நாற்பதாண்டுகள் தங்கி, இங்கே பிள்ளை பெற்று, இங்குள்ள சுவர்களுக்கு வண்ணம் பூசி, இம்மண்ணிலேயே அடக்கமாகிறவனை வழிப்போக்கன் என்று எங்ஙனம் சொல்வது?

மதீனாவின் சந்தை

நம் மார்க்கத்தின் ஆண்டுக் கணக்கே ஒரு புகலிடப் பயணத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கும் முன்பே, மக்காவில் துன்புற்ற முஸ்லிம்கள் அபிசீனியாவுக்குச் சென்றனர். குறைஷிகளின் தூதுவர்கள் பரிசுகளுடன் சென்று அவர்களைத் திருப்பித் தருமாறு கேட்டபோது, நஜ்ஜாஷி மன்னர் முதலில் அகதிகளின் தரப்பைக் கேட்டார், பின்னர் ஒப்படைக்க மறுத்தார். அவர் அப்போது கிறிஸ்தவர். புகலிடம் கேட்டு வருபவன் இணைவைப்பவனாயினும் அடைக்கலம் கொடுத்து, அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்குமாறு ஒன்பதாம் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது.

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில், பெருமானார் (ஸல்) அவர்கள் முஹாஜிர் ஒருவரையும் அன்சாரி ஒருவரையும் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது, வழி காட்டுங்கள் என்றார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள். பின்னர் பெருவணிகராகி அள்ளி வழங்கினார்கள். குல்லூர்சந்தைப் பெரியவர் கேட்டதும் இதுவேயன்றோ? சந்தை என்பதை ஊரின் பெயரிலேயே வைத்துக்கொண்டு, சந்தைக்கு வழி கேட்கிறார்கள்!

நாம் செய்யக்கூடியவை பல. ஸகாத்தைப் பெறுவோர் யார் என்பதில் மார்க்கச் சட்டத்தின் வரையறை உண்டு. அது முஸ்லிம்களுக்குரியது என்பதே நம் இமாம்களின் பெரும்பான்மைக் கருத்து. ஆனால் ஸதகாவுக்கு அவ்வரம்பு இல்லை. நம்மோடு போர் செய்யாத, நம்மை வீட்டைவிட்டு வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அறுபதாம் அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தின் கருத்து. ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பொது நிதியில் ஸதகாவுக்கென ஒரு பகுதியைப் பிரிக்கலாம். அதனைக் கொண்டு அருகிலுள்ள முகாமின் இரண்டு பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் தரலாம். முகாமுக்குள் செல்ல ஆட்சியரின் அனுமதி வேண்டும். முறைப்படி விண்ணப்பித்துப் பெறலாம், அல்லது அங்கே பணிபுரியும் அமைப்புகளின் வழியே கொடுக்கலாம். நம்மில் வழக்கறிஞர்கள் மனு எழுதித் தரலாம். 1987 ஜூலைக்கு முன் பிறந்தோர் தம் உரிமையை அறியாமலிருந்தால் எடுத்துரைக்கலாம். அச்சகமோ கடையோ நடத்துவோர், பட்டம் பெற்ற முகாம் இளைஞன் வேலை கேட்டு வந்தால், எந்த நாடு என்று கேட்குமுன் என்ன தெரியும் என்று கேட்கலாம்.

தொண்டு நிறுவனத்தால் குடியுரிமை வழங்க இயலாது. அதை அரசுதான் வழங்கவேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமை. ஆனால் அந்நாள் வரும்வரை ஒரு தலைமுறை வீணாகிவிடாமல் காப்பது தொண்டால் இயலும். பள்ளிச் சேர்க்கை தடைபட்ட காலத்தில் திண்ணையில் அமர்ந்து பாடம் சொன்ன அந்தப் பெண்கள் அதைச் செய்து காட்டினர்.

விருதுநகர்த் தாய்மார்கள் உலையிலிடுமுன் ஒதுக்கிய பிடியரிசி ஒரு பள்ளியாயிற்று. நம் இல்லங்களிலும் உலை கொதிக்கிறது, அரிசியும் இருக்கிறது. ஒரு பிடி எடுத்து வைக்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! வீடிழந்தோர் யாவரையும் அவரவர்க்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பானாக! ஆமீன்.